வீடற்றோர் காப்பகத்திலும் மறுவாழ்வு இல்லத்திலும் சேவை செய்யப் புறப்படுகிறவர்களுக்கு

வீடற்றோர் காப்பகத்துக்கோ, குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டு வருகிறவர்களுக்கான கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்துக்கோ ஓரிரு வாரம் சேவை செய்யப் போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனாலும் அங்கே வருடக்கணக்கில் உழைக்கிற ஊழியர்களுக்குப் பல குழுக்கள் கூடுதல் சுமையாகிவிடுகின்றன. கேட்காத வேலையைச் செய்கிறார்கள், கேட்ட வேலையைப் பாதியில் விடுகிறார்கள், தங்கியிருப்பவர்களுக்கு நிறைவேற்ற முடியாத வாக்குகளைக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே நடக்கிற அன்றாட வேலையில் ஒரு கை கொடுப்பதுதான் உங்கள் பங்கு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், கீழே வருகிற பல விதிகள் ஏன் இருக்கின்றன என்பது தானாகவே புரியும்.

முதலில்: எந்த மாதிரி இடம்?

எல்லா இடத்தையும் ‘ஷெல்டர்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது வேறு வேறு.

இரவுத் தங்குமிடம் மாலையில் கதவைத் திறந்து காலையில் மூடும். வேலை என்றால் சாப்பாடு, படுக்கை, துணி துவைப்பு, கதவருகே பதிவு. பகல்நேர மையத்தில் குளியல், தபால் முகவரி, அடையாள அட்டைக்கான விண்ணப்பம், மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு ஆகியவை நடக்கும். குடித்திருந்தாலும் உள்ளே விடுகிற தங்குமிடங்கள் உண்டு. வாசலில் ஊதச் சொல்லிப் பார்த்து, மது இருந்தால் திருப்பி அனுப்புகிற இடங்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. முதல் வகை, கடுங்குளிரில் ஒருவர் தெருவில் சாகக் கூடாது என்பதற்காக. இரண்டாவது, குடியை நிறுத்தி மூன்றே நாள் ஆனவர் பக்கத்துப் படுக்கையில் மது வாடையை முகர வேண்டியிராமல் இருப்பதற்காக. எது சரி என்று அங்கே போய் விவாதிக்காதீர்கள்.

சாப்பாடு, ஆராதனை, படுக்கை மூன்றையும் சேர்த்துத் தருகிற ‘ரெஸ்க்யூ மிஷன்’ மரபு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிறைக்கும் குடிக்கும் நடுவே வாழ்ந்து மனம் திரும்பிய ஜெர்ரி மெக்காலி 1872இல் நியூயார்க்கின் வாட்டர் தெருவில் ஒன்றைத் தொடங்கினார். சிகாகோவின் பசிபிக் கார்டன் மிஷன் 1877, நியூயார்க்கின் பவரி மிஷன் 1879. லண்டனில் 1865இல் வில்லியம் பூத் தொடங்கிய பணியே பிறகு இரட்சணிய சேனை ஆனது. இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் இன்று இரவுத் தங்குமிடம் ஒரு பகுதி, மாதக்கணக்கில் நீளும் மறுவாழ்வுத் திட்டம் இன்னொரு பகுதி.

உள்ளேயே தங்கி மீள்கிற இல்லங்கள் தனி வகை. போதகர் டேவிட் வில்கர்சன் நியூயார்க்கில் தொடங்கிய டீன் சேலஞ்ச் இல்லங்களில் ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் தங்குவது வழக்கம். வாரம் ஒருமுறை கூடுகிற குழுக்கள் இன்னொரு வகை. 1991இல் கலிபோர்னியாவின் சேடில்பேக் சபையில் தொடங்கிய செலிபிரேட் ரிகவரி இதில் பெயர் பெற்றது. வெளியூர்க்காரர் இரண்டு வாரத்தில் உருப்படியாக உதவ ஏற்ற இடம் தங்குமிடமும் சமையலறையும்தான். மறுவாழ்வு இல்லத்தில் புதுமுகம் அடிக்கடி மாறுவது அங்கிருப்பவர்களுக்கு நல்லதில்லை. அங்கே போவதென்றால் கட்டடப் பராமரிப்பு, அலுவலக வேலை, தொழில் கற்றுக்கொடுத்தல் என்று எல்லை தெளிவாக உள்ள பணியைக் கேளுங்கள்.

எழுதிக் கேட்பது

தேதியைக் குறித்து டிக்கெட் எடுத்துவிட்டுக் கடைசியில் காப்பகத்துக்கு எழுதுகிறவர்கள் பலர். வரிசையை மாற்றுங்கள். குறைந்தது எட்டு வாரம் முன்பே தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். வெளிநாடு என்றால் ஆறு மாதம் முன்பே. கிறிஸ்துமஸை ஒட்டி எல்லா மிஷன்களிலும் ஆள் நிரம்பி வழியும். அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளும் அப்படியே. ஜனவரி பிறந்ததும் யாரும் வர மாட்டார்கள், அதே சமயம் குளிர் உச்சத்தில் இருக்கும். மெய்யாகவே உதவ நினைக்கிறவர் ஜனவரியையும் பிப்ரவரியையும் தேர்ந்தெடுக்கலாம்.

கடிதத்தில் எத்தனை பேர், வயது, எந்த நாட்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்ய முடியும், என்னென்ன மொழி தெரியும், கைத்தொழில் என்ன என்பவை இருக்கட்டும். மின்வேலை, குழாய் வேலை, தையல், முடிவெட்டு, கணக்கு தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. ‘எதுவானாலும் செய்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் அவர்கள்தான் உட்கார்ந்து உங்களுக்கு வேலை கண்டுபிடிக்க வேண்டும். முப்பது பேர் கொண்ட குழுவை ஒரு சமையலறையில் நிறுத்த முடியாது. பரிமாறும் வரிசைக்கு ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். பெரிய குழுவாக இருந்தால் வேளைக்கு ஒரு அணியாகப் பிரித்து அனுப்பலாமா என்று நீங்களே கேளுங்கள்.

பதில் வரும்போது சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: குறைந்தபட்ச வயது, காவல்துறைச் சான்று வேண்டுமா, காசநோய்ப் பரிசோதனை வேண்டுமா, உடை விதி என்ன, ஆராதனையில் பங்கெடுக்க வேண்டுமா, சாட்சி சொல்லச் சொல்வார்களா, உங்களுக்கு மேலே பொறுப்பானவர் யார். கடைசிக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். பொறுப்பாளர் பெயரைச் சொல்ல முடியாத இடம், முதல் நாளிலேயே உங்களைத் தனியாக விடுகிற இடம், வந்து தங்குபவர்களின் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற இடம், சம்பளமில்லாமல் அவர்களை வெளி வேலைக்கு அனுப்பிப் பணம் பார்க்கிற இடம் என்று தெரிந்தால் போகாதீர்கள். கிறிஸ்துவின் பெயர் பலகையில் இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது.

விசா, சான்றிதழ், ஊசி

சம்பளம் வாங்காததால் விசா விதி தன்னைத் தொடாது என்று நினைத்து விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. சேவையும் பல நாடுகளில் ஒரு வகை வேலைதான். பிரிட்டனுக்குச் சாதாரணப் பார்வையாளர் விசாவில் போகிறவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை மட்டுமே சேவை செய்யலாம். அதற்கு மேல் என்றால் தொண்டுப் பணியாளர் விசா வேண்டும். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மத அல்லது தொண்டு அமைப்பு நடத்தும் தன்னார்வச் சேவைத் திட்டத்துக்கு பி-1 விசா உண்டு. செலவுக்கான படி தவிர அங்கிருந்து ஊதியம் எதுவும் பெறக் கூடாது. பொருள் விற்கவும் நன்கொடை திரட்டவும் கூடாது. அமைப்பு தரும் கடிதத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், சொந்த நாட்டு நிரந்தர முகவரி, முதலில் போய்ச் சேரும் இடத்தின் பெயரும் முகவரியும், பணிக்காலம் ஆகியவை இருக்க வேண்டும். குடிவரவு அதிகாரியிடம் ‘சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். கடிதத்தைக் காட்டி உள்ளதைச் சொல்லுங்கள்.

காவல்துறைச் சான்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். மறுவாழ்வு ஊழியத்தில் இருப்பவர்களில் பலர் சிறைக்குப் போய் வந்தவர்கள். வழக்கு இருந்தது என்பதற்காக எல்லோரும் ஒதுக்க மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால் ஒதுக்குவார்கள்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கிற பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரம் கழித்து மருத்துவரோ செவிலியரோ பார்த்துப் படிக்க வேண்டும். ஆகவே விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் போய்ச் செய்ய முடியாது. பிறந்தவுடன் பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்கு இது நோயில்லாமலேயே நோய் இருப்பதாகக் காட்டலாம். ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது. எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் ரத்தப் பரிசோதனையையே செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஆறு மாதம் முன்பே எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். டெட்டனஸ் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் இன்னொன்று. அந்தந்தப் பருவத்து ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருப்பவர்களில் பலருக்கு நுரையீரல் பலவீனம், உங்கள் சளி அவர்களுக்கு நிமோனியாவாகலாம்.

தங்குவதற்குக் காப்பகத்தில் ஒரு படுக்கை கேட்காதீர்கள். அது வெளியே நிற்கிற ஒருவருடைய படுக்கை. சில மிஷன்களில் தன்னார்வலருக்கெனத் தனி அறைகள் உண்டு. இல்லையென்றால் அருகிலுள்ள சபையிலோ விடுதியிலோ தங்குங்கள். காலை உணவு வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். அந்த நேரத்தில் பேருந்து ஓடுகிற வழியில் இடம் பாருங்கள்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

வழுக்காத அடிப்பகுதி கொண்ட மூடிய காலணி இரண்டு ஜோடி. எட்டு மணி நேரம் ஈரத்தரையில் நிற்கும்போது செருப்பு ஆபத்து, ஒரே ஜோடி என்றால் மறுநாள் காயாது. எழுத்தில்லாத சாதாரணச் சட்டைகள், முழுநீளக் காற்சட்டை. அரசியல் வாசகம், மதுபான முத்திரை, கால்பந்து அணிச் சட்டை வேண்டாம். சில நகரங்களில் நிறத்தை வைத்தே ‘இவன் எந்தக் கும்பல்’ என்று பார்ப்பார்கள். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

மறுவாழ்வு இல்லமானால் பையை இன்னும் கவனமாகக் கட்ட வேண்டும். மவுத்வாஷ், வாசனைத் திரவியம், இருமல் மருந்து, கேக்குக்குப் போடுகிற வெனிலா எசன்ஸ், கைக்குப் பூசும் சானிடைசர் ஆகியவற்றில் ஆல்கஹால் இருக்கலாம். குடி தீவிரமாக இழுக்கும் நாளில் ஒருவர் இவற்றையும் குடித்துவிடுவார். உங்கள் சொந்த மாத்திரைகளை, வலிநிவாரணி உட்பட, போனவுடன் அலுவலகத்தில் பூட்டி வைக்கக் கொடுங்கள். திருவிருந்துக்குத் திராட்சை ரசத்துக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறே பயன்படுத்துவார்கள். சமைத்துக் கொடுக்கிறவர்கள் கவனிக்க இன்னொன்று: குருமாவிலோ ரொட்டியிலோ கசகசா சேர்க்காதீர்கள். கசகசா சாப்பிட்டவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் ஓபியம் வகை போதைப்பொருள் இருப்பதாகக் காட்டக்கூடும். பல மாதம் சுத்தமாக இருந்தவர் நீங்கள் ஆசையாகச் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு இல்லத்தை விட்டு வெளியேற்றப்பட்டால் அது பெரிய அநியாயம்.

பழைய துணி மூட்டையைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். பெரும்பாலான காப்பகங்களில் பழந்துணி குவிந்து கிடக்கும். அதைப் பிரிக்கவே ஆள் போதாது. எப்போதும் பற்றாக்குறையாக இருப்பவை புதிய காலுறை, புதிய உள்ளாடை. என்ன அளவு, எத்தனை என்று கேட்டு அங்கேயே வாங்கிக் கொடுப்பது நல்லது.

முதல் நாள்

வந்ததும் பெயர் எழுதுங்கள், போகும்போதும் எழுதுங்கள். தீ விபத்து நேர்ந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான். பெயர் அட்டையில் முதல் பெயர் மட்டும் போதும். வெளியேறும் வழிகள், முதலுதவிப் பெட்டி, நலாக்சோன் ஸ்ப்ரே (ஓபியம் வகை போதைப்பொருள் அளவு மீறி மூச்சு நிற்பவருக்கு மூக்கில் அடிக்கும் மாற்று மருந்து), ஊசி போன்ற கூர்பொருள் போடுகிற மஞ்சள் அல்லது சிவப்புப் பெட்டி எங்கே இருக்கின்றன என்று கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வேளை முழுவதும் பழைய ஊழியர் ஒருவரின் பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்கள் எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்பதை முதல் அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பழகி, திடீரென்று காணாமல் போகிறவர்களால் ஏற்கெனவே காயப்பட்டவர்கள் அங்கிருப்பவர்கள்.

சமையலறை விதிகள் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. மீந்த குழம்பை ஆழமான அண்டாவோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி மறுநாள் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி பெருகும். அகலமான தட்டுகளில் இரண்டங்குல உயரத்துக்கு ஊற்றி ஆறவையுங்கள். மறுபடி சூடாக்கும்போது 74 டிகிரியைத் தொட வேண்டும். கையுறை போட்டதாலேயே கை சுத்தமாகிவிடாது. பச்சை இறைச்சியைத் தொட்டாலும் முகத்தைத் தொட்டாலும் கைபேசியைத் தொட்டாலும் கழற்றி, கை கழுவி, புதியது போடுங்கள்.

பரிமாறும்போது புதியவர்கள் தடுமாறுவது அளவில்தான். சிரித்துப் பேசுகிற ஒருவருக்கு இரக்கப்பட்டு இரண்டு துண்டு கோழி வைத்தால், வரிசையில் பின்னால் நிற்கிற பத்துப் பேர் அதைப் பார்ப்பார்கள். கடைசியில் நிற்பவருக்குப் போதாமல் போனால் அன்றைக்குச் சண்டை உறுதி. எல்லோருக்கும் ஒரே கரண்டி, எல்லோரும் ஒரு முறை வாங்கிய பிறகே இரண்டாம் முறை. பலருக்குப் பற்கள் போயிருக்கும்; ரொட்டியின் மேலோடு, பச்சைக் காய்கறி கடிக்க முடியாது. மென்மையான ஒரு வகை எப்போதும் இருக்கட்டும். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், பெயர் தெரிந்தால் பெயரோடு சொல்லுங்கள். ‘பாவம்’ என்கிற பார்வையை எந்த மொழிக்காரரும் கண்டுபிடித்துவிடுவார்.

படுக்கை மாற்றும்போது தலையணைக்கு அடியிலும் மெத்தை இடுக்கிலும் சட்டைப் பையிலும் கையை விடாதீர்கள். ஊசி இருக்கலாம். போர்வையை நான்கு முனையிலும் பிடித்து மேலே தூக்குங்கள், உருட்டாதீர்கள். ஊசியைக் கண்டால் இடுக்கியால் எடுத்து, மூடி போடாமல், அப்படியே கூர்பொருள் பெட்டியில் இடுங்கள். ஒருவேளை குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிழியாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் நல்லது. வெட்கப்பட்டு மறுநாள் வரை மறைப்பது மிக ஆபத்து.

மூட்டைப்பூச்சி இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். உங்கள் பையைக் கட்டில் மேலோ தரைவிரிப்பிலோ வைக்காதீர்கள். அறைக்குத் திரும்பியதும் உடையை நேரே உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் போடுங்கள்.

யாராவது வாந்தி எடுத்தால் அது நோரோவைரஸ் (வேகமாகப் பரவும் வயிற்றுத் தொற்று) என்றே நினைத்துச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு சானிடைசர் போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். தரைக்கு, 5 சதவீத வீட்டு பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குறைந்தது 20 மில்லி கலந்து, ஐந்து நிமிடமாவது ஈரமாக விடுங்கள். வேறு கழுவும் திரவத்தோடு பிளீச்சைக் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். உங்களுக்கே வயிற்றுப்போக்கு வந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையலறைப் பக்கம் போகாதீர்கள்.

உயிர் போகிற நேரங்கள்

தூங்குகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பாதீர்கள். தெருவில் தூங்கும்போது அடிபட்டவர் கையை வீசிக்கொண்டுதான் விழிப்பார். கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கட்டிலை லேசாகத் தட்டுங்கள். பதிலே இல்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது அல்லது தொண்டையில் களகளவென்று சத்தம் வருகிறது, உதடு நீலமாகிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் ஓபியாய்டு (ஹெராயின் போன்ற ஓபியம் வகை போதைப்பொருள்) அளவு மீறிவிட்டது என்று கொள்ளுங்கள். கத்தி ஆள் கூப்பிட்டு, அவசர எண்ணை அழைக்கச் சொல்லி, நலாக்சோனை ஒரு மூக்குத்துவாரத்தில் அடியுங்கள். செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் கொடுக்கட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் மறுபடி ஒரு டோஸ். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து ‘நான் சரியாகிவிட்டேன்’ என்று நடந்துபோக முயல்வார், விடாதீர்கள். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உடம்பில் இருக்கிற போதைப்பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம்.

குடியை நிறுத்துவதிலும் உயிராபத்து உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாள்தோறும் அதிகம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வரலாம். இதற்கு மருத்துவமனைதான் இடம். ‘ஜெபித்துக்கொண்டே தாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி ஒருவரை அறையில் உட்கார வைப்பது விசுவாசத்தின் செயல் ஆகாது. ஜெபியுங்கள், ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள்.

கோபத்தில் கத்துகிறவரிடம் இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், தாழ்ந்த குரலில். உத்தரவிடாமல் இரண்டு வழி கொடுங்கள்: ‘வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறீர்களா, இல்லை இங்கே உட்கார்ந்து பேசலாமா?’ தொடாதீர்கள். பழைய ஊழியர் வந்ததும் நீங்கள் பின்வாங்குங்கள்.

மறுவாழ்வுக் குழுவில் உட்காரும்போது

செலிபிரேட் ரிகவரி போன்ற குழுக்களில் பாடலும் போதனையும் எல்லோருக்கும் பொது. பிறகு ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று சிறு வட்டங்களாகப் பிரிவார்கள். ஒவ்வொருவரும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், தன்னைப் பற்றி மட்டும் பேசலாம். இன்னொருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, தீர்த்துவைக்கப் பார்க்கக் கூடாது. நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது கடினம். ஒருவர் அழுதால் வசனம் சொல்லித் தேற்றுவதுதான் நமக்குப் பழக்கம். அங்கே கைக்குட்டையை நீட்டுவதுகூடச் சில வட்டங்களில் வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் ‘போதும், நிறுத்து’ என்று அவருக்கு அது படலாம். கேளுங்கள், அது போதும்.

சாட்சி சொல்லக் கேட்டால், குடித்த நாட்களின் சுவையை விவரிக்காதீர்கள். எங்கே வாங்கினேன், எவ்வளவு எடுத்தேன், எப்படி இருந்தது என்று விரிக்கிற சாட்சி, கேட்கிறவரின் ஆசையைத்தான் தூண்டும். எப்படி மீண்டேன், இன்றைக்கு எப்படி நிற்கிறேன் என்பதில் அதிக நேரம் நில்லுங்கள்.

ஜெபிக்கும் முன் ‘உங்களுக்காக ஜெபிக்கலாமா?’ என்று கேளுங்கள். தலையில் கை வைக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காதில் குரல் கேட்கிறது என்கிறவரிடம் பிசாசு துரத்தப் போகாதீர்கள், ஊழியரிடம் சொல்லுங்கள். ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் தரும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் போன்ற மருந்து எடுப்பவரிடம் ‘இதுவும் போதைதானே, கர்த்தரை நம்பி விட்டுவிடுங்கள்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். மருந்தை நிறுத்திச் சில வாரம் ஆனவரின் உடம்பு, முன்பு எடுத்த போதைப்பொருளின் பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மீண்டு வந்தவர்கள் பலர் இப்படி இறந்துபோகிறார்கள். உங்கள் ஒரு வாக்கியம் அதற்குத் தொடக்கமாகிவிடக் கூடாது.

சாப்பாட்டைக் காட்டி ஆராதனைக்கு இழுக்காதீர்கள். அமெரிக்காவில் அரசின் நேரடி நிதியில் நடக்கிற திட்டத்தில் வழிபாடு தனி நேரத்திலோ தனி இடத்திலோ, விருப்பமுள்ளவருக்கு மட்டும் என்றே இருக்க வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் இது நல்ல ஒழுங்கு. பசித்து வந்தவரின் ‘ஆமென்’ உங்களுக்கு எதையும் சொல்லாது.

ரகசியம், பணம், பழக்கம்

உள்ளே கேட்டது உள்ளேயே. படம் எடுக்காதீர்கள், முதுகுப் பக்கம்கூட. அடித்த கணவனிடமிருந்து ஒளிந்து வந்த பெண்ணின் பச்சை குத்திய கையை உங்கள் குழுப் படத்தில் யாரோ அடையாளம் காணலாம். தொலைபேசியில் ‘இன்னார் அங்கே இருக்கிறாரா?’ என்று கேட்டால், அவருடைய அம்மாவே என்று சொன்னாலும், இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. ‘யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை, உங்கள் எண்ணைக் கொடுங்கள், அலுவலகத்தில் சேர்க்கிறேன்’ என்பது சரியான பதில். அமெரிக்காவில் போதைச் சிகிச்சை பெறுகிறவரின் விவரத்துக்குத் தனிக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது.

பணம் கொடுக்காதீர்கள், கடன் கொடுக்காதீர்கள், சொந்தக் கைபேசி எண்ணும் வேண்டாம். ‘பஸ்ஸுக்கு மட்டும்’ என்று கேட்பவர் உண்மையாகவே பஸ்ஸுக்குத்தான் கேட்கலாம். அதற்கு அலுவலகத்தில் டிக்கெட் இருக்கும். உங்கள் கையிலிருந்து வாங்கியது போதைக்குப் போனால் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி, போகாவிட்டாலும் கொடுக்கப்படாத மற்றவர்களுக்கு மனக்கசப்பு. ‘இதை ஸ்டாஃபிடம் சொல்லாதீர்கள், உங்களை மட்டும்தான் நம்புகிறேன்’ என்று யாராவது தொடங்கினால், கேட்பதற்கு முன்பே ‘என்னால் ரகசியமாக வைத்திருக்க முடியாது’ என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். தற்கொலை, கத்தி, குழந்தைக்கு ஆபத்து எதுவானாலும் அது ஒரு மணி நேரம்கூட உங்களிடம் தங்கக் கூடாது.

ஆண் ஆணோடு, பெண் பெண்ணோடு பேசும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். மீண்டு வருகிற முதல் வருடத்தில் புதுக் காதல் வேண்டாம் என்று பல திட்டங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு: குடி இருந்த இடத்தில் ஒரு ஆளை வைத்துவிட்டால், அந்த ஆள் போகும்போது குடி திரும்பி வரும். நீங்களோ பத்து நாளில் போகிறவர்.

நீங்கள் இருக்கும்போதே யாராவது மறுபடி குடித்துவிட்டு வெளியேறினால், பின்னால் ஓடித் தேடாதீர்கள். ஊழியர்களுக்கு அவர் போகிற இடங்கள் தெரியும். மீண்டும் மீண்டும் விழுந்து எழுவது இந்தப் பாதையில் சாதாரணம். உங்கள் ஜெபம் தோற்றுவிட்டது என்றோ அவர் உங்களை ஏமாற்றிவிட்டார் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும்போது

பெயர் அட்டை, சாவி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். பாதியில் நிற்கிற வேலையை ஒரு தாளில் எழுதி அடுத்தவருக்கு வையுங்கள்: எந்த அலமாரி வரை அடுக்கினோம், எந்தக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, எந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. நெருங்கிப் பழகியவரிடம் நேரில் விடைபெறுங்கள். ‘அடுத்த வருடம் வருவேன்’ என்று சொல்லாதீர்கள். வர முடிந்தால் வாருங்கள். சொல்லிவிட்டு வராமலிருப்பதைவிட, சொல்லாமல் வருவது நல்லது. கடிதம் எழுத விரும்பினால் இல்லத்தின் முகவரிக்கு, ஊழியர் வழியாக எழுதுங்கள்.

ஊர் திரும்பியதும் முதல் இரண்டு வாரம் உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவது, வீட்டாரிடம் எரிந்து விழுவது, கேட்ட கதைகள் திரும்பத் திரும்ப மனதில் ஓடுவது எல்லாம் சகஜம். குழுவாகப் போனவர்கள் ஒரு முறை கூடிப் பேசுங்கள், பெயர் சொல்லாமல். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். நீங்கள் இருந்த நாட்களில் அங்கே யாருக்காவது காசநோய் இருந்தது என்று தகவல் வந்தால், தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 8 முதல் 10 வாரம் கழித்து மறுபடி பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் தொற்று இருந்தும் தெரியாமல் போகலாம். போவதற்கு முன் எடுத்த பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.